கல்லாப்பெட்டியருகே ஒருவர்

'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி' (1974-1983) தொடரை முதன்முறை பார்த்தபோது மைக்கேல் லாண்டனின் சார்லஸ் இங்கால்ஸே நம் நாயகர். இப்போதோ கண்கள் மினசோட்டாவின் வால்நட் குரோவ் கடைக்காரர் நெல்ஸ் ஒலிசனிடமே நிற்கின்றன. மனைவி ஹாரியட்டாகக் கேத்தரின் மக்ரெகர் ஆர்ப்பரிப்பார். மகள் நெல்லியாக அலிசன் ஆர்ங்ரிம் நஞ்சு கக்குவார். நடுவே ரிச்சர்ட் புல், பெரும்பாலும் ஒரு பெருமூச்சு மட்டும். (மற்ற இருவரின் கூச்சல் நமக்குக் கேட்பதே அந்தப் பெருமூச்சினால்தான்.) அன்று அவரைக் கோழை என்று எள்ளினோம். நாற்பதைக் கடந்தபின், வீட்டிலும் துறைக் கூட்டங்களிலும் நாம் விழுங்கிய சொற்கள் அம்முகத்தில் தெரிகின்றன. 1984இல் வந்த 'தி லாஸ்ட் ஃபேர்வெல்' படத்தில் ஊரார் தம் கட்டடங்களைத் தாமே தகர்க்கிறார்கள். தேவாலயம் தப்புகிறது; நெல்ஸின் கடை தப்பவில்லை. அப்படத்தில் ஹாரியட் இல்லை.