தலைதட்டிய குரல்

"மிக்ஸர்" என்றதும் காராபூந்தியும் வேர்க்கடலையும் கலந்த பலகாரத்தை நினைத்து நேயர்கள் சப்புக்கொட்ட வேண்டாம். மேடையில் உள்ள மைக்குகளின் ஒலியை ஒன்று சேர்த்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறதே, அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். பலகாரத்தில் உப்புக் கூடினால் அந்தத் தினத்தோடு போயிற்று. இந்தப் பெட்டியில் அளவு கூடியதால் நேர்ந்த நஷ்டமோ இன்றும் நம் நெஞ்சை உறுத்திக் கொண்டிருக்கிறது.

2022-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. பாரத நாடு சுதந்திரம் அடைந்து 75 வருஷம் நிறைந்த நாள். நம் பள்ளிக்கூடத்தில் கொடியேற்று விழா. 1942-ம் வருஷத்து ஆகஸ்டுக் கிளர்ச்சியில் 15 வயதுப் பையனாக ஊர்வலம் சென்று தடியடி பட்ட பெரியவர் ஒருவரைப் பேச அழைத்திருந்தோம். மைக் செட்டுக்காரர் வரத் தாமதமாயிற்று. "நாம் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர்கள் அல்லவா?" என்ற தைரியத்தில் மிக்ஸரின் முன் உட்கார்ந்தோம். பேச்சைப் பதிவு செய்யவும் அதிலேயே ஏற்பாடு.

பெரியவர் ஈனஸ்வரத்தில் ஆரம்பித்தார். கடைசி வரிசைக் குழந்தைகளுக்குக் கேட்கவில்லை. 'கெயின்' என்னும் திருகை ஏறக்குறையக் கோடி வரை திருகினோம். கணீரென்று கேட்டது, நமக்குப் பெருமை தாங்கவில்லை. கால் மணி நேரம் சென்றது. அன்று ஊர்வலத்தில் போட்ட வந்தே மாதர கோஷத்தைப் பெரியவர் எழுப்பிக் காட்டினார். அந்த மெலிந்த தேகத்தில் அத்தனை பலம் எங்கிருந்துதான் வந்ததோ! பெட்டியில் சிவப்பு விளக்குப் பளிச்சென்று எரிந்தது. ஒலிபெருக்கியில் கேட்டது குரலல்ல. தகரத்தைக் கிழிக்கும் ஓசை. அலறியடித்துக் கொண்டு, மொத்த ஒலியைக் குறைக்கும் மாஸ்டர் பேடரைக் கீழே இழுத்தோம். சத்தம் குறைந்தது, கரகரப்புக் குறையவில்லை.

பிறகு வந்து சேர்ந்த மைக் செட்டுக்காரர் சிரித்தார். "வாசற்படியிலே தலை இடிபட்டவனைக் கூடத்துக்கு வந்து குனியச் சொன்னால் ஆகுமா, ஸார்?" என்றார்.

விஷயம் அதுதான். மைக்கிலிருந்து வரும் மின்னலை முதலில் நுழைவது கெயின் என்னும் வாசலில். அதற்கு ஓர் உயரம் உண்டு. அதற்கு மேல் எழும் அலையின் உச்சி, படி நெல்லைத் தலைதட்டி அளப்பது போல, மட்டமாக வெட்டுப்பட்டு விடுகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலையில், மூலக் குரலில் இல்லாத புதுச் சுரங்கள் முளைக்கின்றன, அவைதாம் கரகரப்பு. பேடர்கள் எல்லாம் வாசலைத் தாண்டிய பிறகு இருப்பவை. சிந்திய நெல்லை அவற்றால் அள்ள முடியாது.

ஆகையால், கூட்டம் கூடுமுன்பே, பேசுகிறவரை உரத்த குரலில் பேசச் சொல்லி, கெயினை அடியிலிருந்து மெள்ள மெள்ள உயர்த்த வேண்டும். டிஜிட்டல் பெட்டியில் 0 என்பது கூரை. சாதாரணப் பேச்சு அதற்குச் சுமார் 18 டெசிபல் கீழே நின்றால், உரத்த குரல் எழும்பவும் இடம் இருக்கும். 6 டெசிபல் கூடினாலே மின்னழுத்தம் இரட்டிப்பாகி விடுகிறது. குரல் போதாவிட்டால் திருகைத் தொடுவதற்கு முன் மைக்கை நெருக்கி வைக்கலாம். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் தானே கிடைக்கும். முள் ஆடும் பழைய வி.யூ. மீட்டரை மட்டும் நம்புவதும் ஆபத்து. அது நிலைக்கு வரச் சுமார் 0.3 வினாடி ஆகும். அதற்குள் ஒரு கோஷத்தின் உச்சி வந்து போய்விடும். சிவப்பு விளக்கின் மீதும் கண் இருக்க வேண்டும், கடைசி வரையில்.

மறு வருஷம் பெரியவர் காலமானார். வீட்டார் கேட்டதன் பேரில் அந்தப் பதிவைக் கொண்டு போய்க் கொடுத்தோம். பேச்செல்லாம் தெளிவாயிருந்தது. கோஷம் வந்த இடத்தில் பேத்தி நிமிர்ந்து பார்த்து, "இது தாத்தா குரலா, ஸார்?" என்று கேட்டாள். "தாத்தாவுடையதுதான், அம்மா. நாங்கள்தாம் கெடுத்து விட்டோம்" என்றோம்.

அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர் வெகு சிலரே. அவர்களுடைய வார்த்தைகளைப் பதிவு செய்ய விரும்பும் அன்பர்கள் இன்றே செய்க. ஆனால், பெரியவர் மெல்லப் பேசுகிறாரே என்று திருகைக் கோடிக்குத் திருப்பி விட வேண்டாம். அவர் திடீரென்று 15 வயதுப் பையனாகிவிடக்கூடும். அதற்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.