ரயில் போன தடத்தில் சைக்கிள்... கிளேர் பள்ளத்தாக்கில் இரண்டு நாள்!

ஆஸ்திரேலிய மண்ணில் கால் வைத்த முதல் ஒட்டகத்தின் பெயர் ஹாரி. 1840-ல் கேனரி தீவுகளிலிருந்து கப்பலேறிய ஒட்டகங்களில், உயிரோடு அடிலெய்ட் துறைமுகத்தில் இறங்கியது அது ஒன்றுதான். ஆறு ஆண்டுகள் கழித்து ஜான் ஹாரக்ஸ் என்ற 28 வயது இளைஞர், அதைக் கூட்டிக்கொண்டு வடக்கே புது நிலம் தேடிப் புறப்பட்டார். ஹாரிக்குக் கொஞ்சம் முன்கோபம். வழியில் ஆடுகளைக் கடித்தது. சமையல்காரரின் தலையையும் கடித்தது. ஒருநாள் ஹாரக்ஸ் துப்பாக்கியில் மருந்து நிரப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஹாரி உடம்பை அசைக்க, துப்பாக்கி வெடித்துவிட்டது. விரல் போனது, பற்கள் போயின. மூன்று வாரங்களில் உயிரும் போனது. ஒட்டகத்தைச் சுட்டுவிடும்படி சொல்லிவிட்டுத்தான் மனிதர் கண்ணை மூடினார்.

அவர் உருவாக்கிய பென்வொர்தம் என்ற சின்னஞ்சிறு ஊரின் தேவாலயத்தில்தான் அவர் கல்லறை இருக்கிறது. அடிலெய்டிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலைக்கும் அவர் பெயர்தான். அந்தச் சாலையில் சுமார் 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் காரில் போனால் வருவது கிளேர் பள்ளத்தாக்கு. தெற்கு ஆஸ்திரேலியாவின் திராட்சைத் தோட்ட நாடு. மகனோ மகளோ அடிலெய்டிலோ மெல்போர்னிலோ இருக்க, விசிட்டர் விசாவில் போய் இறங்கும் நம்மூர்ப் பெற்றோரை வழக்கமாகக் கூட்டிப்போவது ஓபரா ஹவுஸுக்கும் கடற்கரைக்கும்தான். அந்த நாட்டின் கிராமம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், கிளேருக்குப் போகலாம்.

இது நட்ஜூரி பழங்குடியினரின் மண். 1840-களில் ஐரோப்பியர்கள் ஆட்டு மந்தைகளோடு வந்தார்கள். அயர்லாந்திலிருந்து வந்தவர் தன் சொந்தச் சீமையின் பெயரை ஊருக்கு வைத்தார். அதுதான் கிளேர். போலந்துக்காரர்கள் குடியேறிய பக்கம் 'போலிஷ் ஹில் ரிவர்' ஆனது. தெற்கே ஆபர்னில் தொடங்கி வாட்டர்வேல், பென்வொர்தம், செவன்ஹில், கிளேர் என்று மணி கோத்ததுபோல வரிசையாக ஊர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பத்து நிமிடம்கூட ஆகாது.

தீயில் போன ரயில்

இந்த ஊர்களையெல்லாம் ஒரு காலத்தில் ரயில் இணைத்தது. 1918-ல் கிளேருக்கு ரயில் வந்தது. பிறகு லாரியும் காரும் பெருகிப் பயணிகள் குறைந்து, கடைசியில் தானியம் ஏற்றும் வண்டிகள்தான் மிஞ்சின. 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் அன்று தெற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் ஒரே நாளில் பல இடங்களில் காட்டுத் தீ மூண்டது. இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து 75 பேர் இறந்தார்கள். கிளேர் பள்ளத்தாக்கிலும் தீ புகுந்து ரயில் பாதையைச் சிதைத்தது. பழுது பார்த்து ஓட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று அடுத்த ஆண்டே பாதையை மூடிவிட்டார்கள்.

சின்ன ஊருக்கு ரயில் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஸ்டேஷன் பாழடையும், தண்டவாளத்தைப் பெயர்ப்பார்கள், பிறகு முள் மண்டும். இங்கேயும் தண்டவாளம் போனது. ஆனால் அந்தத் தடத்தை விட்டுவிட ஊர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை. சரளை கொட்டிச் சமப்படுத்தி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வழி செய்தார்கள். 'ரீஸ்லிங் டிரெயில்' என்ற அந்தப் பாதை இன்று ஆபர்னிலிருந்து கிளேரைத் தாண்டியும் சுமார் 35 கிலோமீட்டர் நீள்கிறது. ரீஸ்லிங் என்பது இங்கே விளையும் பச்சைத் திராட்சையின் பெயர். இன்று கிளேருக்கு வரும் பயணிகளில் பலர் வருவதே இந்தப் பாதைக்காகத்தான். ஓடிய காலத்தில்கூட அந்த ரயில் இவ்வளவு வெளியூர்க்காரர்களைக் கூட்டி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ரயிலுக்குப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தாத்தாவும் சேர்ந்தே போகலாம். ஆபர்னிலும் கிளேரிலும் வாடகைக்கு சைக்கிள் கிடைக்கும், மோட்டார் வைத்த சைக்கிளும் உண்டு. ஹெல்மெட் கட்டாயம், சைக்கிளுக்கும்தான். முழுத் தூரமும் போக வேண்டும் என்பதில்லை. வாட்டர்வேலுக்கும் செவன்ஹில்லுக்கும் நடுவில் உள்ள பகுதிதான் அழகு. இருபுறமும் திராட்சைக் கொடிகள், நடுநடுவே உயர்ந்த யூகலிப்டஸ் மரங்கள், தூரத்தில் செம்மறி ஆடுகள். ஆபர்ன் ரயில் நிலையக் கட்டடம் இப்போது ஒயின் சுவைக்கும் கூடம். பயணச்சீட்டு கொடுத்த இடத்தில் கோப்பை நீட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போனால் ஒரு எச்சரிக்கை. அது மேக்பை பறவை கூடு கட்டும் காலம். கறுப்பு வெள்ளையில், நம்மூர்க் காக்கையைவிடச் சற்றே கம்பீரமாக இருக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் வந்தால் பின்னாலிருந்து பாய்ந்து தலையைக் கொத்தும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பாதிரியார்கள் நட்ட கொடி

இந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பழைய ஒயின் ஆலையை ஆரம்பித்தவர்கள் வியாபாரிகள் இல்லை, துறவிகள். 1848-ல் ஆஸ்திரியாவிலிருந்து இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள், குடியேறிகளோடு சேர்ந்து கப்பலில் வந்தார்கள். நம் வீரமாமுனிவர் இருந்த அதே சபை. 1851-ல் நிலம் வாங்கி, ரோம் நகரின் ஏழு குன்றுகளை நினைத்து அதற்கு செவன்ஹில் என்று பெயரிட்டார்கள். திருப்பலிக்கு ஒயின் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வருவிப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் திராட்சை நட்டார்கள். இன்றும் அங்கே திருப்பலி ஒயின் தயாராகிறது, மற்ற ஒயின்களோடு சேர்த்து. பக்கத்திலேயே உள்ளூர்க் கல்லில் கட்டிய புனித அலோசியஸ் தேவாலயம். அதன் அடியில் ஒரு நிலவறை, அதில் இறந்த துறவிகளின் கல்லறைகள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர்களுக்கு அந்தக் கல் சுவரின் குளிர்ச்சியே பெரிய உபசாரம். மதுவைத் தொடாதவர்களும் செவன்ஹில்லில் அரை நாள் செலவிடலாம்.

ஒயினைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லாமல் கிளேரைப் பற்றி எழுத முடியாது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் சட்டென்று குளிர்: இதுதான் ரீஸ்லிங் திராட்சைக்குப் பிடித்த தட்பவெப்பம். அதனால் பழம் பழுத்தாலும் புளிப்பு குறைவதில்லை. புது ஒயினில் எலுமிச்சை வாசனை தூக்கலாக இருக்கும், இனிப்பு அநேகமாக இருக்காது. பத்து வருடம் வைத்தால் வறுத்த ரொட்டி வாசனை வரும். சிலவற்றில் லேசாக மண்ணெண்ணெய் வாசனைகூட வரும். ரசிகர்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்!

இவ்வளவு மென்மையான ஒயினுக்கு எதிரி வெளியில் இல்லை, பாட்டிலின் வாயிலேயே இருந்தது. தக்கைக் கார்க்கில் சில சமயம் ஒரு வேதிப்பொருள் உண்டாகும். அது பட்டால் ஒயினில் ஈர அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும். வருடம் முழுக்கப் பாடுபட்டுச் செய்தது, வாடிக்கையாளர் திறக்கும் நேரத்தில் கெட்டுப்போயிருக்கும். திருகு மூடி போட்டால் தீர்ந்தது. ஆனால் திருகு மூடி என்றாலே மட்டமான சரக்கு என்பது அன்றைய எண்ணம். 1970-களில் ஆஸ்திரேலியாவில் அதை முயன்று பார்த்தவர்கள், வாங்க ஆளில்லாமல் பின்வாங்கியிருந்தார்கள். தனியாக ஒருவர் செய்தால் அவர் கதை முடிந்தது.

அதனால் கிளேர்க்காரர்கள் சேர்ந்து செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள், கடையில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், 2000-ம் ஆண்டு அறுவடை ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போடுவது என்று ஒன்றாக முடிவெடுத்தார்கள். அதற்குப் பொருத்தமான பாட்டில் உள்ளூரில் கிடைக்காமல் பிரான்ஸிலிருந்து வரவழைத்தார்கள். விற்காமல் போயிருந்தால் மொத்தப் பள்ளத்தாக்குக்கும் அடி. விற்றது. இன்று ஆஸ்திரேலிய ஒயின் பாட்டில்களில் பெரும்பாலானவை திருகு மூடிதான்.

சுவைக்கும் கூடங்களில் கூச்சப்பட வேண்டாம். ஒரு வாய் குடித்துவிட்டு, துப்புவதற்கென்றே வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. 18 வயதுக்குக் கீழே யாருக்கும் ஊற்ற மாட்டார்கள். கார் ஓட்டுபவர் தொடாமலிருப்பதே உத்தமம். ரத்தத்தில் 0.05 சதவிகிதத்தை எட்டினாலே குற்றம், சோதனை எங்கே வேண்டுமானாலும் நடக்கும்.

சாப்பாடு?

கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த பேஸ்டி இன்றும் இந்தப் பக்கத்து பேக்கரிகளில் உண்டு. உருளைக்கிழங்கு, வெங்காயம், இறைச்சி வைத்து மடித்துச் சுட்டது. நம் சோமாசியின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். சைவக்காரர்கள் காய்கறி பேஸ்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். தோட்டங்களை ஒட்டிய உணவகங்களில் உள்ளூர் ஆலிவ், சீஸ், ரொட்டி, தோட்டத்துக் காய்கறி கிடைக்கும். வாட்டர்வேலில் பழைய மதுக்கூடம் ஒன்று சொந்தப் பண்ணையில் விளைவதை வைத்துச் சமைக்கிறது. போலிஷ் ஹில் பக்கம் ஒரு ஒயின் ஆலை, பழங்குடியினர் காலங்காலமாகத் தின்ற தாவரங்களுக்கென்றே தோட்டம் போட்டிருக்கிறது. உப்புச் சுவையுள்ள சால்ட்புஷ் இலை, எலுமிச்சை வாசனை அடிக்கும் மிர்ட்டில், புளிப்பும் சிவப்புமான குவாண்டாங் பழம் என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காத ருசிகள்.

ஒரு விஷயம்: மதிய உணவை இரண்டு மணிக்குள் முடிப்பது நல்லது. ராத்திரி எட்டைத் தாண்டினால் பல சமையலறைகளில் அடுப்பு அணைந்துவிடும். திங்கள், செவ்வாய் பல இடங்கள் திறப்பதே இல்லை. ரயிலும் இல்லை, பஸ்ஸும் அரிது என்பதால் கார் வேண்டும். நம்மூர்போல இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும். அந்தி நேரத்தில் மட்டும் வேகம் குறைக்க வேண்டும், கங்காரு குறுக்கே பாயும்.

சாவி கொடுத்து அனுப்பும் ஊர்

இரண்டாவது நாளை பர்ராவுக்கு ஒதுக்கலாம். கிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். 1845-ல் ஆட்டு மேய்ப்பர்கள் கண்ணில் பச்சை நிறக் கல் பட, அங்கே பெரிய செப்புச் சுரங்கம் பிறந்தது. திவாலாகும் நிலையிலிருந்த காலனியையே அந்தச் செம்பு தூக்கி நிறுத்தியது. ஆனால் அதைத் தோண்டியவர்களுக்கு வீடு இல்லை. ஓடைக்கரை மண்ணைக் குடைந்து, எலி வளைபோல அதற்குள் குடும்பம் நடத்தினார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 1,800 பேர் அப்படி வாழ்ந்தார்கள். 1851-ல் வெள்ளம் வந்து அதையும் அழித்தது. 1877-ல் சுரங்கமும் மூடப்பட்டது.

இப்போது அங்கே போனால் சுற்றுலா அலுவலகத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பழைய சிறை, மதுக் கிடங்கு, மிச்சமிருக்கும் மண் வளை வீடு என்று ஒவ்வொன்றையும் நாமே திறந்து பார்த்துவிட்டு, நாமே பூட்டிவிட்டு வரலாம். கூட வழிகாட்டி கிடையாது. அந்த மண் வளைக்குள் குனிந்து நுழைந்து ஐந்து நிமிடம் நின்றால் போதும், செம்பின் விலை என்னவென்று புரிந்துவிடும்.

பர்ராவுக்கு வெளியே ஒற்றையாக நிற்கும் பாழடைந்த கல் வீட்டை ஆஸ்திரேலியர்கள் வண்டி நிறுத்திப் படம் எடுப்பார்கள். 1987-ல் வந்த மிட்நைட் ஆயில் இசைக்குழுவின் 'டீசல் அண்ட் டஸ்ட்' இசைத்தட்டின் அட்டையில் இருப்பது அந்த வீடுதான். இன்னும் வடக்கே போகப் போக இதுபோன்ற கூரையில்லாத வீடுகள் நிறைய. 1865-ல் ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவைத் தலைவர் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிர் வைக்காதீர்கள் என்றார். நடுவில் சில வருடம் நல்ல மழை பெய்தது. ஏர் போகும் இடத்துக்கு மழை தானே பின்னால் வரும் என்று நம்பி ஜனங்கள் கோட்டைத் தாண்டிப் போனார்கள். பிறகு வறட்சி வந்தது. அவர்கள் விட்டுவிட்டு வந்த வீடுகள்தான் அவை.

போக நல்ல காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, அல்லது மார்ச் முதல் மே வரை. மே மாதத்தில் உணவுத் திருவிழாவும் உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் 40 டிகிரியைத் தொடும். தீ அபாய எச்சரிக்கை உள்ள நாளில் வெளியே சுற்ற வேண்டாம். விக்டோரியாவிலிருந்து காரில் வருபவர்கள் பழங்களை எல்லையிலேயே போட்டுவிட வேண்டும்; பழ ஈ பயம். திராட்சைத் தோட்டத்துக்குள் கேட்காமல் இறங்கிப் படம் எடுக்கவும் கூடாது. கொடியின் வேரைத் தின்னும் ஃபைலோக்சரா பூச்சி இதுவரை நுழையாத மாநிலம் இது. வேறிடத்தில் மிதித்த செருப்பின் மண்ணில் அது ஒட்டிக்கொண்டு வரலாம்.

பர்ராவின் புல்வெளிகளில் நடக்கும்போது தரையில் விரல் அகலத்தில் சிலந்திப் பொந்துகள் தென்படும். அவற்றைக் குச்சியால் கிளற வேண்டாம். குள்ள நீலநாக்குப் பல்லி என்ற இனம் உலகிலிருந்தே மறைந்துவிட்டது என்று பல பத்தாண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார்கள். 1992-ல் பர்ராவுக்குப் பக்கத்துச் சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒரு பாம்பின் வயிற்றில் ஒன்று கிடைத்தது. பிறகு தேடிப் பார்த்தால், அந்தப் பொந்துகளுக்குள் தலையை மட்டும் நீட்டியபடி உயிரோடு இருந்தன.