அடுக்களை இழுப்பறையின் ஓசை

வீட்டின் அமைதி பெரிய காரியங்களால் மட்டும் கெடுவதில்லை. சிறிய ஓசைகளாலும் கெடுகின்றது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. சுவருக்கு இப்பால் ஒரு தட்டு விழுந்தால் அப்பால் குழந்தை விழித்துக்கொள்ளும். ஆயினும் அந்நாளில் அடுக்களையில் இழுப்பறை ஏது? இரண்டு பலகைத் தட்டுகளும் ஓர் அஞ்சறைப் பெட்டியுமே நம் உடைமை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லயத்தை விட்டு வெளியேறி, பணிக்கொடையோடு கடனும் சேர்த்துச் சொந்தமாகச் சிறு வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள் வண்டிப்பெரியாரில் பல. அவற்றுள் எங்கள் குடும்பமும் ஒன்று.

எங்கள் அடுக்களையில் நான்கு இழுப்பறைகள் உள்ளன. தச்சர் ஒட்டுப்பலகையில் செய்து, இருபுறமும் குண்டுகள் உருளும் இரும்புச் சேனலில் ஓடவிட்டார். விரல் பட்டாலே ஓடும். ஓடிய வேகத்திலேயே போய் மோதும். தம்பிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. அவன் வந்து கண்ணயரும் வேளையில், குமுளிக்கு வேலைக்குப் புறப்படும் தம்பி மனைவி அடுக்களைக்குள் நுழைவாள். கரண்டிக்கு ஒரு மோதல், தேயிலைத் தூளுக்கு ஒரு மோதல். சினத்தால்தான் அவள் அவ்வாறு அறைகின்றாள் என்று அவன் எண்ணினான். ஓய்வின்றி உழைக்கும் தன்மேல் குறை காண்கின்றானே என்று அவள் வருந்தினாள். இருவர்மீதும் பிழையில்லை, பிழை இழுப்பறையின் மேல் என்று இருவருக்கும் உணர்த்துவது எங்கள் கடமையாயிற்று.

கட்டப்பனை, கம்பம் போன்ற ஊர்களின் இரும்புக் கடைகளில் ‘சாப்ட் குளோஸ்’ என்று கேட்டால் இதற்குரிய கருவியை எடுத்துக் காட்டுவார்கள். சேனலையே மாற்றிவிடலாம், அது செலவு மிக்கது. பழைய இழுப்பறையிலேயே ‘டேம்பர்’ என்னும் தணிப்பானை மட்டும் சேர்ப்பது எளிய வழி. இக்கருவியின் தத்துவம் நமக்குப் புதிதன்று. மலைப் பாதையில் ஓடும் ஜீப்பின் ஷாக் அப்சார்பரில் உள்ள அதே தத்துவமே. சிறு குழாயினுள் எண்ணெய். அதனுள் ஒரு தண்டு. தண்டை மெல்லத் தள்ளினால் எண்ணெய் நுண்ணிய துளை வழியே எளிதில் விலகும்; விரைந்து தள்ளினால் விலக இடமின்றி எதிர்க்கும். ஆகவே மெதுவாக மூடுபவரை அது தடுப்பதில்லை. அறைபவரை மட்டுமே தடுக்கின்றது. மார்கழிக் குளிரில் நம் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். இக்கருவிகளில் பெரும்பாலும் இடப்படும் சிலிக்கோன் எண்ணெயோ குளிருக்கு அவ்வளவாக இறுகுவதில்லை.

ஆஸ்திரியா நாட்டில் 1952ஆம் ஆண்டு ஜூலியஸ் புளூம் என்பவர் தொடங்கிய பட்டறை, முதலில் குதிரை லாடத்துக்கான குமிழாணிகளைச் செய்தது. அந்நிறுவனமே பிற்காலத்தில், 2001ஆம் ஆண்டளவில், மெல்ல மூடும் அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்து புகழ் பெற்றது. குளம்பொலிக்கு ஆணி செய்த பட்டறை அடுக்களையின் ஒலியை அடக்க முனைந்தது வியப்பன்றோ!

சேர்க்கும் கருவிகளில் இருவகை உண்டு. ஒன்று தண்டு மட்டும் உடையது. இழுப்பறை வந்து மோதும் கடைசிச் சிறு தூரத்தில் தாங்கிக்கொள்ளும். மற்றொன்றில் தண்டுடன் சுருள்வில்லும் கொக்கியும் உண்டு. இழுப்பறை நெருங்கியதும் கொக்கி பற்றிக்கொள்ள, வில் உள்ளே இழுக்க, தண்டு வேகத்தைத் தணிக்கும். பார்வைக்கு இரண்டாவதே சிறந்தது. நாங்களும் அதனை ஓர் இழுப்பறையில் மட்டும் முதலில் பொருத்தி, எங்கள் தாயாரைத் திறந்து பார்க்கச் சொன்னோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த கைகள் அவருடையவை. விரல் மூட்டுகள் இப்போது முழுதும் மடங்குவதில்லை. மூடும்போது உதவும் வில், திறக்கும்போது எதிர்க்கும் என்பதை அப்போதுதான் கண்கூடாகக் கண்டோம். இருமுறை இழுத்தும் வராமல், அவர் கையை எடுத்துக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு, நீங்க வச்சுக்கோங்க” என்றார். தம் மாத்திரையும் வெற்றிலையும் வைத்திருக்கும் இழுப்பறையைத் திறக்க ஒருவரை அழைத்து நிற்பதா? மகனின் உறக்கத்துக்காகத் தாயின் கையைக் கட்டுவது நியாயமாகாது. எனவே அவர் புழங்கும் மேல் இரண்டிலும் வில்லில்லாத தண்டை வைத்து, பிடியையும் நான்கு விரல் நுழையும் பெரிய பிடியாக மாற்றினோம். பாத்திரங்கள் நிறைந்த கீழ் இரண்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக வில் உள்ளதைப் பொருத்தினோம்.

செய்ய எண்ணும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் இழுப்பறையைக் கழற்றிச் சேனலைத் துடையுங்கள். அதற்குத் தேங்காய் எண்ணெய் இடாதீர்கள், தூசி சேர்ந்து பிசினாகிவிடும். தளர்ந்த திருகாணிகளை முடுக்குங்கள். இழுப்பறை கையால் தள்ளும்போதே இறுதிவரை தடையின்றிச் செல்ல வேண்டும். கோணலை இக்கருவி நிமிர்த்தாது. நம் ஊர் மழையில் பலகை ஊதும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் நனைந்த பலகைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கலாம். ஊதிய பலகையைச் சீர் செய்யாமல் கருவி வாங்குவது வீண். கருவி தாங்கும் எடையையும், பக்கத்திலும் பின்னாலும் உள்ள இடைவெளியையும் அளந்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். அனைத்துக்கும் மேலாக, அந்த இழுப்பறையை அதிகம் திறக்கும் கை யாருடையது என்று பாருங்கள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர். நாள்தோறும் விழும் மோதலில் பலகையின் மூட்டும் கழலும். மனத்தின் மூட்டும் கழலும். பலகைக்குத் தச்சர் உண்டு. மற்றதற்கு வீட்டார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் இத்தகைய சிறு ஏற்பாடுகளே மருந்து.