இனி எதற்கு அது?

குழந்தை பெற்று முடித்ததும் காலி செய்துவிட வேண்டிய வாடகை வீடாகத்தான் கர்ப்பப்பையை நம்மில் பலர் நினைக்கிறோம். யாரும் அதை அப்படியே சொல்வதில்லை. "இரண்டு பிள்ளை ஆயிற்றே, இனி எதற்கு அது?" என்று கேட்பார்கள். மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டு மாமி கேட்பார், சில சமயம் டாக்டரும் கேட்பார். என் நாற்பத்து மூன்றாவது வயதில் என்னிடம் கேட்டவர் டாக்டர். பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனை. ஸ்கேன் ரிப்போர்ட்டை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் ஆபரேஷனுக்குத் தேதியும் சொல்லிவிட்டார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, என் கணவரிடம் சொன்னார்.

அதற்கு முந்தைய ஒன்றரை வருடம் மாதத்தில் ஒன்பது, பத்து நாள் ரத்தப் போக்கு. அந்த நாட்களில் ஆபீசுக்குக் கறுப்பு சுரிதார்தான். மெட்ரோவில் இடம் காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. அல்சூரில் எங்கள் வீட்டு மாடிப்படி பதினெட்டு. எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். போதாக்குறைக்கு பச்சரிசியை மெல்ல வேண்டும் என்று ஓர் ஆசை. அரிசி டப்பாவைத் திறந்தால் ஒரு பிடி வாய்க்குள் போய்விடும். இரும்புச்சத்து மிகவும் குறைந்தவர்களுக்கு இப்படித் தோன்றும் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னபோது, தானும் அந்த வயதில் அரிசி தின்றதாகச் சொல்லிச் சிரித்தாள். யாரும் அவளைப் பரிசோதித்ததில்லை. "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுத்தார்களாம்.

எனக்கு ஹீமோகுளோபின் 7.4 இருந்தது. 12 இருக்க வேண்டும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. நாடே சோகையாக இருக்கும்போது ஒருத்தியின் சோர்வு யார் கண்ணில் படும்? மாதவிலக்கு அதிகமாகப் போவதை நாம் நோய் என்று நினைப்பதில்லை, தலையெழுத்து என்று நினைக்கிறோம்.

ஸ்கேனில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. ஒன்று ஆறு சென்டிமீட்டர், எலுமிச்சைக்குச் சற்றுப் பெரியது. மற்றது இரண்டரை சென்டிமீட்டர், நெல்லிக்காய் அளவு. மருத்துவர்கள் இதை ஃபைப்ராய்டு என்கிறார்கள், தமிழில் நார்க்கட்டி. எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் 'கட்டி' என்ற ஒரு சொல்தான். புற்றுநோய்க்கும் அதே சொல் என்பதால் அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கன்னடத்தில் இதை 'கெட்டெ' என்கிறார்கள். உருளைக்கிழங்குக்கும் அங்கே 'ஆலுகெட்டெ' என்றுதான் பெயர். அந்த மொழியில் கேட்டிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. கர்ப்பப்பைச் சுவரின் தசை, ஓரிடத்தில் உருண்டு திரண்டு வளர்வதுதான் அது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் அதற்குத் தீனி. மாதவிலக்கு நின்றதும் தீனி குறைந்து பெரும்பாலும் சுருங்கிவிடும். அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள், ஐம்பது வயதுக்குள் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான பெண்களுக்கு இது வந்துவிடுகிறது என்று காட்டின. அவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். அத்தகைய கட்டிக்கு வைத்தியமே வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

கவலைப்பட வேண்டியது அளவை விட இடத்தைப் பற்றித்தான். கர்ப்பப்பையின் வெளிப்புறமாக வளர்ந்தால் சிறுநீர்ப்பையையோ குடலையோ அழுத்தும். சுவருக்குள் இருந்தால் வலியும் பாரமும் தரலாம். உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால், நெல்லிக்காய் அளவே ஆனாலும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் போகும். இதை எனக்குச் சொன்னவர் இரண்டாவதாக நான் பார்த்த டாக்டர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேரிக்காய் மாதிரி ஒரு படம் வரைந்து, இரண்டு வட்டம் போட்டார். "உங்களைப் படுத்துவது இந்தப் பெரியது இல்லை. இந்தச் சின்னதுதான்" என்றார். முதல் டாக்டர் பெரிய கட்டியைக் காட்டித்தான் கர்ப்பப்பையை எடுக்கத் தேதி குறித்திருந்தார்.

அந்த இரண்டாவது டாக்டரிடம் நான் போக முடிந்ததற்குக் காரணம் சம்பளமும் லீவும்தான். இதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண். கலபுரகி மாவட்டத்தில் ஒரு லம்பாடி தாண்டாவிலிருந்து வந்தவர். தண்ணீர் பிடிக்க வரும்போது பழக்கம். வயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்று இருபத்தேழு வயதில் டாக்டரிடம் போயிருக்கிறார். எடுக்காவிட்டால் கேன்சர் ஆகிவிடும் என்று சொல்லி கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். செலவுக்கு வாங்கிய கடனை அடைக்கத்தான் பெங்களூர் வந்ததாகச் சொன்னார். இப்போது முப்பத்து நான்கு வயது. இடுப்பு வலி, திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தீப்பற்றிய மாதிரி எரிச்சல். முட்டைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டேன். எது எதை எடுத்தார்கள் என்று அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

அவர் தனி ஆள் இல்லை. கலபுரகியில் லம்பாடி, தலித் பெண்கள் 2,200 பேருக்கு மேல் தேவையின்றி கர்ப்பப்பை அகற்றப்பட்டதாகப் புகார் எழுந்து, 2015ல் நான்கு தனியார் மருத்துவமனைகளின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. அதன்பிறகும் அவை இயங்குகின்றன என்று 2017ல் அந்தப் பெண்கள் ஊர்வலம் போக வேண்டியிருந்தது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் 82,309 பேரிடம் 2019ல் அரசு நடத்திய கணக்கெடுப்பில், 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை என்று தெரிந்தது. அதாவது ஆறில் ஒருவர். மாதவிலக்கு என்று ஒருநாள் வேலை நின்றால் கூலி போவதோடு அபராதமும் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் கர்ப்பப்பை வெறும் இடைஞ்சல். நாடு முழுவதும் 15-49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் சுமார் 3 சதவிகிதம்தான். ஆந்திராவிலோ சுமார் 9 சதவிகிதம். இந்த ஆபரேஷன்களில் பெரும்பகுதி நடப்பது தனியார் மருத்துவமனைகளில்.

சட்டம் பேசாமல் இல்லை. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், அதிக ரத்தப்போக்குக்குக் காரணம் அறிய 1995ல் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்குச் சம்மதித்தார். கண்விழித்தபோது கர்ப்பப்பையும் முட்டைப்பைகளும் போயிருந்தன. அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயாரிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குத் தந்த சம்மதம் ஆகாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது வேறொருவர் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதிய ஆர்.வி. ரவீந்திரன், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு 2022ல் வகுத்த வழிமுறைகளை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கையெழுத்து நோயாளியுடையது. என் கணவர் பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

என்ன தோன்றுகிறது என்று சொல்ல, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா?

மிகவும் எளியது மாத்திரை. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை ரத்தப்போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போக்கு கணிசமாகக் குறையும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. ஜப்பானில் உதாகோ ஒகமோடோ என்ற பெண் விஞ்ஞானி கணவருடன் சேர்ந்து 1960களில் கண்டுபிடித்த மருந்து இது. அடுத்தது, ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் கருத்தடைச் சாதனம். ஐந்து வருடம் வரை கர்ப்பப்பைக்குள் வைத்திருக்கலாம். ஆனால் உட்குழியைக் கட்டி கோணலாக்கியிருந்தால் அது தங்காது, வெளியே வந்துவிடும். மூன்றாவது, மாதம் ஒரு ஊசி போட்டு உடம்பைத் தற்காலிகமாக மாதவிலக்கு நின்ற நிலைக்குக் கொண்டுபோவது. கட்டி சுருங்கும், நிறுத்தினால் மறுபடி வளரும். எலும்பு பலவீனமாகும் என்பதால் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் போடுவதில்லை. ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சிறிதாக்கவும், ரத்தத்தை ஏற்றிக்கொள்ளவும் உதவும்.

கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட்டுவிடும் ஆபரேஷன் ஒன்று உண்டு. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு முக்கியமானது. வயிற்றைத் திறந்தும் செய்யலாம், லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம், உட்குழியில் உள்ள கட்டியைக் கீழிருந்தே கருவியை நுழைத்துத் தையலே இல்லாமலும் எடுக்கலாம். புதிய கட்டிகள் வர வாய்ப்பு உண்டு என்பது இதன் குறை. லேப்ராஸ்கோப்பியில் கட்டியைத் துண்டு துண்டாக்கி எடுப்பதென்றால் ஒரு கேள்வி அவசியம். நார்க்கட்டி என்று நினைத்தது மிக அபூர்வமாகப் புற்றுநோயாக இருந்துவிட்டால் துண்டாக்கும்போது அது வயிற்றுக்குள் பரவிவிடும் என்று 2014ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதனால், பைக்குள் வைத்துத்தான் துண்டாக்குவீர்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கத்தியே வைக்காத முறைகளும் உண்டு. தொடையிலோ மணிக்கட்டிலோ ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் போகும் பாதையை நுண்ணிய மணிகளால் அடைத்துவிடுவார்கள். பட்டினி கிடக்கும் கட்டி சில மாதங்களில் பாதியாகச் சுருங்கும். பாரிஸில் டாக்டர் ராவினா குழுவினர் 1995ல் இதை உலகுக்குச் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பதவிக்கு அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, 2004 நவம்பரில் காண்டலீசா ரைஸ் இதைச் செய்துகொண்டு ஒரே இரவில் வீடு திரும்பினார். முதல் நாள் வலி கடுமையாக இருக்கும். ஐந்து ஆண்டுக்குள் சுமார் கால்வாசிப் பேருக்கு மறுபடி வைத்தியம் தேவைப்படலாம். இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்கள் நன்கு யோசிக்க வேண்டும். ஒலி அலைகளைக் குவித்துக் கட்டியைச் சுடும் முறையும் சில பெருநகரங்களில் இருக்கிறது.

கடைசியாகக் கர்ப்பப்பையை எடுப்பது. அதை வில்லனாக்க நான் விரும்பவில்லை. ஓசூரில் என் அக்காவுக்கு ஐந்து மாதக் கர்ப்பம் போல வயிறு. கணக்கில்லாத கட்டிகள். நாற்பத்தேழு வயதில் எடுத்துக்கொண்டாள். "பத்து வருஷத்துக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்டி" என்கிறாள். அவளுக்கு அது சரி. ஆனால் முட்டைப்பைகள் வேறு விஷயம். மாதவிலக்கு தானாக நிற்பதற்கு முன்பே அவற்றை எடுத்தால் இதய நோய்க்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் வாய்ப்பு கூடும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும் முட்டைப்பைகள் சில வருடம் முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும். "அதையும் சேர்த்து எடுத்துவிடலாமே" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எனக்கு முதலில் இரும்புச்சத்து டிரிப் ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டிய பிறகு அந்த நெல்லிக்காயை மட்டும் கீழ்வழியாக எடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்தேன். சோதனையில் அது வெறும் நார்க்கட்டிதான் என்று உறுதியானது. இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆறு சென்டிமீட்டர்காரர் இன்னும் உள்ளேயே இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறேன்; அவர் பாட்டுக்கு இருக்கிறார். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அதுவரை அவரும் நானும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்வதில் தகராறு இல்லை. நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, கட்டி வளர்ந்தாலோ ஒருநாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. அட்மிட் ஆகிக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டால் இன்ஷூரன்ஸ் பணம் தரும். எடுக்கத்தான் வேண்டுமா என்று இன்னொரு டாக்டரிடம் அரை மணி நேரம் பேசினால் அந்த ஃபீஸ் நம் கையிலிருந்துதான் போகும். எனக்கு அது ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவு. கலபுரகிக்காரருக்கு மூன்று நாள் கூலி. ஒரு படமும் இரண்டு வட்டமும் வரைந்து காட்ட ஆள் இல்லாததால் அவர் இழந்தது என்ன என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை கொடுக்கும் அரசாங்கம், அதற்கு முன் இன்னொரு டாக்டரின் கருத்தையும் அந்த அட்டையிலேயே சேர்த்துக் கொடுக்கட்டும். "கட்டி எங்கே இருக்கிறது? ரத்தம் போவது அதனால்தானா? எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? வேறு என்ன வழி?" நாலே கேள்விதான். கன்னடத்திலோ தமிழிலோ, கேட்கிற பெண்ணின் மொழியில் பதில் வர வேண்டும்.