அன்னையாரின் கடைசி மரம்

மரம் நடுவதன் மேன்மையை எழுதுவோர் பலர். மரம் வெட்டிய வரலாற்றை எழுத நாம் துணிந்தோம். நடுவதற்கு நல்ல மனம் போதும். வெட்டுவதற்கோ அறிவு வேண்டும் என்பதை அண்மையில்தான் கற்றோம். கற்பித்தவர், நம்மைவிடக் குறைந்த காலமே பள்ளிக்குச் சென்ற நண்பர் ஒருவர்.

பேராக்கிலுள்ள தோட்டமொன்றில் நாம் கிராணி. முன்பு அங்கே ரப்பர், இன்று செம்பனை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, குடியிருப்பின் ஓரத்தில் நின்ற ஒரே ஒரு பால்மரம் எவர் கணக்கிலும் சேராமல் தப்பிவிட்டது. நமது சமையற்கட்டுக்கும் அதற்கும் இடையே 15 அடிதான். அம்மரம் சாய்ந்திருந்ததும் நமது வீட்டுப் பக்கமே. காய் முற்றும் காலத்தில், உச்சி வெயிலில் காய்கள் படீரென வெடித்துக் கொட்டைகள் தகரக் கூரையில் வந்து விழும். குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். நமது ஞாயிற்றுக்கிழமை உறக்கத்துக்குத் திண்டாட்டம்.

அதனைப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்கவியலாதது சென்ற ஆண்டு நேர்ந்தது. சுமத்திராக் காற்று விடியுமுன் வந்து மேற்குக் கரையை உலுக்கிச் செல்வதை இந்நாட்டார் அறிவர். அத்தகைய இரவொன்றில், 4 மணியளவில், தொடைப் பருமனுள்ள கிளையொன்று முறிந்து கூரையைப் பிளந்து அடுப்பின்மேல் விழுந்தது. அவ்வேளையில் அடுப்படியில் நின்று தேநீர் போடுவது நம் அன்னையாரின் நெடுநாள் வழக்கம். அன்று காய்ச்சலால் படுத்திருந்தார். காய்ச்சலுக்கு நன்றி கூறிய குடும்பம் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆங்கிலவழிப் படிப்புப் படித்தவரல்லவா நாம்? உடனே பேனாவை எடுத்தோம். நிர்வாகத்துக்கு முதற் கடிதம் பணிவாக எழுதினோம், இரண்டாவது தெளிவாக, மூன்றாவது காட்டமாக. கூரைத் தகடு புதிதாயிற்று. மரத்தைப் பற்றி வந்த மறுமொழி இது: வெட்டுவதற்குத் தடையில்லை, செலவுக்கு ஒதுக்கீடும் இல்லை. குத்தகைக்காரர் கேட்ட தொகையோ நமது ஒரு மாதச் சம்பளம். மரம் நின்றுகொண்டே இருந்தது.

நிற்க. நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்தில் 12 ஆண்டுகளாகப் பொதுவேலை செய்பவர் அவர். விடியற்காலைப் பெரட்டில் அவர் பெயருக்கு நேரே கோடிடுவது நமது வேலை. மாலையில் ஒரே தேநீர்க்கடைப் பலகையில் அமர்வதனால் நட்பு. அவரிடம் ஒருநாள் நமது குறையைச் சொன்னோம். மறுநாளே வந்துவிட்டார், கையில் ஒரு பாராங் கத்தியோடு.

வந்தவர் மரத்தை வெட்டவில்லை. அடிமரத்தருகே குந்தி மண்ணைச் சுரண்டினார். வேரின்மேல் வெண்ணிற நூல்கள் பின்னிப் படர்ந்திருந்தன. மண்மட்டத்தில், வெளுத்த விளிம்புடைய செம்மஞ்சள் காளான் ஒன்று செவிபோல் ஒட்டியிருந்தது.

"வெள்ளை வேர் நோய், கிராணி. உள்ளே பிடிப்பே இல்லை. இது அடுத்த காற்றுக்குக் காத்திருக்கிற மரம். இதன்மேல் யாரும் ஏறக்கூடாது" என்றார். அம்மரத்தைப் பற்றிக் கடிதம் எழுதிய நாம் ஒருமுறையேனும் அதன் வேரைப் பார்த்தோமில்லை.

பின்பு, தம் கண்ணுக்கும் நீட்டிய கை முட்டிக்கும் உள்ள நீளத்தில் ஒரு குச்சி ஒடித்து, அதனை நட்டமாகப் பிடித்து, குச்சியும் மரமும் அடியிலும் நுனியிலும் பொருந்தித் தோன்றும் வரையில் பின்னோக்கி நடந்தார். நின்ற இடத்திலிருந்து மரம் வரையில் தப்படி வைத்து எண்ணி, "70 அடி" என்றார். வடிவொத்த முக்கோணங்களைப் பற்றித் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவர் நாம். அது ஒரு மரத்தை அளக்கப் பயன்படும் என்பது அந்நாள்வரை நமக்குத் தோன்றியதில்லை.

மூன்றாவதாக அவர் செய்ததுதான் நம்மை நாணவைத்தது. திண்ணையில் இருந்த அன்னையாரிடம் சென்று, "பெரியம்மா, வெட்டலாமா?" என்று கேட்டார்.

நாம் கேட்டதில்லை. அவர் பேசாதிருந்ததைச் சம்மதம் என்று கொண்டிருந்தோம்.

அன்னையார் சற்றுநேரம் மரத்தையே நோக்கினார். "என் நிரையில் கடைசி மரம், தம்பி. இந்தப் பையனின் பள்ளிக்கூடச் செலவில் பாதி இதிலே வடிந்ததுதான்" என்றார்.

நண்பர் எழுந்து சென்று பட்டையைத் தடவிப் பார்த்தார். "கத்தி மரத்தைத் தொட்டிருந்தால் இங்கே முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கிறதே! கைதேர்ந்தவர் வெட்டிய மரம் இது" என்றார். அன்னையாரின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நாம் அதற்குமுன் கண்டதில்லை.

1877 இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்த வரலாற்றை நாம் நூல்களில் படித்திருக்கிறோம். கோலகங்சாரில் அன்று நட்டவற்றுள் ஒன்று இன்றும் நிற்கிறது; அதற்கு வேலியுண்டு, பெயர்ப்பலகையுண்டு. நம்மவர் பூமலை என்றழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை 1888 இல் ஏற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார் என்பதும் தெரியும். அம்முறையை 20 ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் இருட்டில் தவறின்றிச் செய்த கை நமது வீட்டிலேயே சோறு பிசைந்து ஊட்டியது. அதனை நாம் ஒரு கல்வியாக எண்ணியதேயில்லை.

"நோயோடு நிற்கவிட வேண்டாம். தானாக விழுந்து யாரையாவது கொன்றால் அதற்கல்லவா கெட்டபெயர்? வெட்டு, தம்பி" என்றார் அன்னையார்.

ஞாயிறன்று வேலை தொடங்கியது. செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட கோல் அரிவாளால், தரையில் நின்றபடியே வீட்டுப் பக்கத்துச் சிறு கிளைகளை நண்பர் கழித்தார். அப்பக்கத்துப் பாரம் குறைந்தது. மணல் நிரப்பிய சிறு பையை நூலில் கட்டி எறிந்து, உயரத்துக் கவையில் மாட்டி, நூலைத் தொடர்ந்து வடத்தை ஏற்றினார். வீட்டுக்குப் பக்கவாட்டில், 100 அடி தொலைவில் நின்ற செம்பனையில் கப்பியைக் கட்டி, வடத்தை அதில் திருப்பிவிட்டார். வடம் இழுப்போர் மரம் விழும் திசைக்கு அப்பால் நிற்பதற்காக இந்த ஏற்பாடு. இழுப்போர் மூவர், அவருள் நாமும் ஒருவர். மரம் அசைந்தால் எங்கே ஓடுவது என்று நம்மை இருமுறை ஓடவைத்துப் பழக்கினார். குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தனர்.

இரவல் வாங்கிய சங்கிலி ரம்பத்தால், விழவேண்டிய பக்கத்தில் மரத்தின் கால்பங்குக்கு வாய்போல் ஒரு வெட்டு வெட்டினார். பிறகு எதிர்ப்பக்கத்தில் இரண்டு அங்குலம் உயர்த்தி அறுத்தார். ஆனால் முழுதும் அறுக்கவில்லை. நடுவே இரண்டு அங்குலக் கனத்தை விட்டுவைத்தார். "கதவுக்குக் கீல் இல்லாவிட்டால் கதவு எந்தப் பக்கம் போகும், கிராணி?" என்றார். ரம்பம் சென்ற பிளவில் ஆப்புகளை அடித்து இறுக்கினார். வடத்தை இழுத்தோம். மரம் முனகியது, கதவுபோலவே திரும்பி, காட்டிய இடத்தில் விழுந்தது. கூரையில் ஓர் இலைகூட விழவில்லை.

அடிக்கட்டையில் பால் வெண்மையாய்க் கசிந்தது. அன்னையார் அருகே சென்று, அதனை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த இரு நாள்களில், நோய் பரவாதிருக்க அடிக்கட்டையையும் வேரையும் தோண்டியெடுத்தோம். நோய் தொடாத மேல்துண்டில் அன்னையாருக்கு ஒரு முக்காலி செய்து தந்தார் நண்பர். "பச்சை ரப்பர்ப் பலகை, பெரியம்மா, பூச்சி அரித்துவிடும். இரண்டு ஆண்டுதான் தாங்கும்" என்றார். "அதுவரைக்கும் உட்காருகிறேன்" என்றார் அன்னையார்.

கூலி வாங்க நண்பர் மறுத்துவிட்டார். அதற்கு ஈடாகத் தம் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரக் கேட்டார். அன்றிரவே பேனாவோடு அமர்ந்தோம். தந்தையின் தொழில் என்னும் கட்டம் வந்தது. "பொதுவேலை என்று எழுதுங்கள்" என்றார். 12 ஆண்டுகளாக நமது பேரேட்டில் நாம் எழுதிவந்த அதே சொல். அச்சொல்லை எழுதத் தொடங்குமுன், முதன்முறையாக நமது பேனா நின்றது.