ஜீயபுரத்து வாசற்படிகள்

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் ஜீயபுரம். வடக்கே காவிரி, தெற்கே உய்யக்கொண்டான் வாய்க்கால். நடுவில் சாலையும் ரயில் பாதையும், அவற்றை ஒட்டி வீடுகளும், வீடுகளைச் சுற்றி வாழையும் நெல்லும். சோழர் காலத்து வாய்க்காலான உய்யக்கொண்டான் மேற்கே பேட்டைவாய்த்தலையில் ஆற்றிலிருந்து பிரிந்து, இந்த ஊர்ப்பக்கமாக வந்து திருச்சி நகருக்குள் நுழைகிறது.

திருச்சி மாவட்டத்தில் மழை அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஜீயபுரத்தில் வருடத்தில் பாதி நாள் தரை ஈரமாகத்தான் இருக்கிறது. மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், ஆடி, ஆவணியில் ஒரு தூறல்கூட இல்லாமலே கிணறுகளில் தண்ணீர் ஏறும். அது வடிவதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிடும். கீழிருந்து ஓர் ஈரம், மேலிருந்து ஓர் ஈரம். வீட்டில் இந்த இரண்டுக்கும் ஒருசேர ஆளாகிற இடம் வாசற்படி.

1977 நவம்பர் வெள்ளத்தையும் 2005 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த மக்கள் திருச்சிப் பக்கத்தில் நிறையப் பேர். அந்தப் பயத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்தை மூன்று அடி, நான்கு அடி என்று உயர்த்துகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பேஸ்மட்டம் உயர்ந்தால் படிகளும் கூடுகின்றன. வீட்டுக்கு அஸ்திவாரம், பெல்ட் கான்கிரீட் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள், படிக்கட்டைக் கடைசி வாரத்தில், மிச்சமிருக்கும் ஜல்லியையும் சிமெண்டையும் வைத்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். மூன்று மழைக்காலம் போனதும் தெருவில் நடந்து பார்த்தால் தெரியும். படி சுவரை விட்டு இரண்டு விரல் விலகியிருக்கும். மேல்படி வீட்டுப் பக்கம் சரிந்து, மழைத் தண்ணீர் நேராக நிலைப்படிக்கு ஓடும். விரிசலுக்குள் எறும்பு, அதற்குக் கீழே எலி. டைல்ஸ் மேல் தட்டினால் காலிப்பானை போலச் சத்தம் வரும்.

பக்கத்திலேயே பழைய ஓட்டு வீடு ஒன்று இருக்கும். திண்ணைக்கு முன்னால் கருங்கல் பலகை இரண்டு, சிமெண்டே பார்க்காதவை. நடு மட்டும் கால் பட்டுத் தேய்ந்திருக்கும், அசைந்திருக்காது.

இன்னும் சற்று நடந்து காவிரிக் கரைக்குப் போனால் இதற்கான காரணம் பிடிபடும். அந்தநல்லூர், திருப்பராய்த்துறை என்று இந்தக் கரை முழுவதும் படித்துறைகள். ஆற்றில் தண்ணீர் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே வந்து, வருடா வருடம் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் கல் படிகள். அங்கே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்து இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகிறது, ஆறு இறங்கும்போது அதே சந்து வழியாக வெளியே வந்துவிடுகிறது. அடியில் தேங்குவதில்லை. நம் வீட்டுக் கான்கிரீட் படி அப்படியில்லை. மூன்று பக்கமும் செங்கல் வைத்து ஒரு பெட்டி கட்டி, அதற்குள் தோட்டத்து மண்ணைக் கொட்டி, மேலே கான்கிரீட் மூடி போடுகிறோம். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியே இல்லை.

வாழைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நஞ்சை வாழையில் வடிகால் எடுக்காமல் விட்டால் வேருக்கு என்ன ஆகும் என்று சிறுபிள்ளையும் சொல்லும். கன்று வைத்த கையோடு வரிசைக்கு வரிசை வாய்க்கால் வெட்டுகிறவர், தன் வாசல் படிக்கு அடியில் ஒரு குழாய்கூட வைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது இதுதான். கொட்டிய மண் வாழைத்தோட்டத்து மண், சருகும் வேரும் கலந்தது. அவை மக்கியதும் மண் இறங்கும். களி கலந்திருந்தால் நனையும்போது உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே இருக்கும் கான்கிரீட்டுக்கு அடியில் வெற்றிடம் விழும். வீட்டுச் சுவர் நல்ல அஸ்திவாரத்தில் நிற்கிறது, படி இறங்குகிறது, இரண்டும் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் தண்ணீர் போய்ச் சுவர் அடியில் தங்கி, உள்பக்கப் பூச்சு உப்பு பூத்து உதிர்கிறது. வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடிக்கிறார். காரணம் வெளியே படிக்கு அடியில் இருப்பது அவருக்குத் தெரிவதில்லை.

ஜீயபுரத்துக்கு மேற்கே முக்கொம்பில் 1836-ல் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடமிருந்து கற்றோம் என்று எழுதி வைத்திருக்கிறார். அணை கட்டவே மணல் போதுமென்றால் மூன்று படிக்குப் போதாதா? போதும். மண் இறங்குகிற பொருள், கெட்டிப்படுத்திய மணலும் ஜல்லியும் இறங்காத பொருள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எனவே படிக்கட்டு வேலை மண்வெட்டியில் தொடங்க வேண்டும். படி வரும் இடத்தில், வீடு கட்டும்போது நிரப்பிய மண் முழுவதையும் எடுத்துவிட்டு, அசல் தரை தெரியும்வரை போக வேண்டும். பெரும்பாலும் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடிக்குள் கிடைத்துவிடும். அங்கே திமிசுக் கட்டையால் இடித்து, நான்கு அங்குலத்துக்கு 1:4:8 கலவை. அதன்மேல் உள்நிரப்பு. மண் கூடவே கூடாது. ஒன்றரை இன்ச் ஜல்லியும் மணலும் அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்துக்கொண்டே வரவேண்டும். பக்கச் சுவரில், வெளித்தரைக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, ஒன்றரை இன்ச் பிவிசி குழாய்த் துண்டு இரண்டை வெளிப்பக்கம் சாய்வாக வைத்துவிட்டால் தேங்குகிற தண்ணீர் வடியும். குழாய் வாயில் கம்பி வலை கட்டாவிட்டால் எலி குடியேறும்.

வீட்டோடு படியைக் கம்பி போட்டு இணைக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. புது வீட்டில் வீட்டு அஸ்திவாரத்தோடேயே படிக்கும் அஸ்திவாரம் எடுத்தால் இணைக்கலாம். ஏற்கெனவே நிற்கிற வீட்டுக்கு வேண்டாம். பழைய சுவர் இறங்க வேண்டிய அளவு இறங்கி முடித்துவிட்டது. புதுப் படி இனிமேல்தான் கொஞ்சம் இறங்கும். இணைத்தால் இழுத்துக்கொண்டு சுவரையும் கீறும். நடுவில் அரை இன்ச் தார் அட்டை வைத்துப் பிரித்துவிட்டு, மேல் வாயை மட்டும் சீலன்ட் போட்டு அடைப்பதே நல்லது. படிக்குள்ளும் கம்பி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். தரையில் முழுக்க உட்கார்ந்திருக்கும் நான்கைந்து படிக்குக் கம்பி அவசியமே இல்லை. தேவையில்லாத இடத்தில் மேலோட்டமாக வைத்த கம்பி, ஈரம் பட்டுத் துருவேறினால் பல மடங்கு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

கலவைக்கு 1:1½:3. ஐந்தடி அகலம், ஓரடி மிதி, அரையடி உயரம் என்ற கணக்கில் மூன்று படியை முழுக் கான்கிரீட்டாகப் போட்டாலும் 15 கன அடிதான் வரும். சிமெண்ட் மூன்றரை மூட்டை. ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கலவை இளகினால் கொட்டுவது சுலபம் என்று இன்னொரு குடம் ஊற்றினால், அந்த உபரித் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். ஆற்று மணல் கிடைக்காத காலத்தில் எம்-சாண்ட் போதும். கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடுக்காயும் வெல்லமும் போட்டுக் கட்டிய கோட்டைகள் நிற்கின்றனவே என்று சொல்லி, சிமெண்ட் கலவையில் வெல்லத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது சுண்ணாம்புக் கலவைக்குரிய பக்குவம். சிமெண்டுக்குச் சர்க்கரை எதிரி. சிறிதளவு சேர்ந்தாலே இறுகுவது தள்ளிப்போகும், கூடினால் உருப்படியாக இறுகவே இறுகாது. ஆலைக்கோ வெல்லக் கொட்டகைக்கோ பயன்பட்ட டிரம்மில் கலவைத் தண்ணீர் பிடிப்பதாக இருந்தால் நன்றாகக் கழுவ வேண்டும்.

விவசாயி வீட்டுப் படிக்கு மட்டும் இருக்கும் நோய் ஒன்று உண்டு. உர மூட்டை. வாழைக்குத் தழைச்சத்தைவிடச் சாம்பல் சத்து அதிகம் வேண்டும், அதனால் பொட்டாஷ் மூட்டை வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். டெம்போவிலிருந்து இறக்கியதும் முதலில் வைப்பது படியில். சிந்தியதைப் பெருக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து விரிசலுக்குள் போகிறது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு; குளோரைடு உள்ளே போனால் கம்பி வேகமாகத் துருப்பிடிக்கும். அம்மோனியம் சல்பேட் கம்பிக்காகக் காத்திருக்காது, சிமெண்டையே அரிக்கும். மேல்பரப்பு மாவாக உதிர்வதைப் பார்த்து மேஸ்திரியைத் திட்டுகிறோம். வாசலுக்குப் பக்கத்தில், தரைக்கு மேலே பலகை போட்டு, மூட்டைக்குத் தனி இடம் ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சிந்தியதை முதலில் உலர்வாகக் கூட்டி எடுத்துத் தோட்டத்தில் போடுங்கள், பயிருக்காவது ஆகும்.

பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளுவார். பேரன் ரங்கன் என்று நினைத்துப் பெருமாளுக்கே பழையது போட்ட பாட்டியின் கதை இந்த ஊர்க் கதை. அன்றைக்கு ஊரில் கழுவி விடாத வாசல் இருக்காது. ஈரப் படியில் ஏறி இறங்குகிற வயதானவர்கள் அன்றைக்குத்தான் அதிகம். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவப்பட்ட வீட்டாருக்குத் தெரியும். படி உடையாமல் இருப்பதைவிடப் பெரிய விஷயம், படியில் ஆள் விழாமல் இருப்பது.

கொத்தனார் மேல்பூச்சுக்கு வந்ததும் நடக்கும் பேச்சு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"வழவழன்னு இழைச்சு விடுப்பா தம்பி, கோலம் போட்டா எடுப்பா இருக்கும்."

"வழவழன்னு இழைச்சா மார்கழி விடியக்காலைல நீங்கதான் விழுவீங்க அப்பாயி. கோலத்தைக் கீழ வாசல்ல போடுங்க, படியில நான் விளக்குமாறு இழுத்து விடறேன்."

கொத்தனார் சொல்வதுதான் சரி. பூச்சு பாதி இறுகியதும் தென்னை விளக்குமாற்றைப் படியின் நீளவாக்கில் ஒருமுறை இழுத்தால் போதும், கால் பிடிக்கும். ஹாலுக்கு வாங்கிய டைல்ஸில் மிச்சத்தைப் படியில் ஒட்டுவது, பார்க்க அழகு, நனைந்தால் ஆபத்து. படி வெளிப்பக்கம் அடிக்குக் கால் அங்குலம் சரிந்திருந்தால் தண்ணீர் நிற்காது, பாசியும் பிடிக்காது. சன்ஷேடு ஒழுக்கும் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயும் படியின் மேல் விழக்கூடாது.

இன்னொன்று, லாபம் நஷ்டம் கணக்கு. படி எண்ணிக்கை லாபத்தில் முடிய வேண்டும் என்று ஒற்றைப்படையாக வைப்பது நம் வழக்கம். வைக்கட்டும். ஆனால் உயரத்தைச் சமமாகப் பிரிக்காமல், நான்கு படி ஆறங்குலம், கடைசிப் படி எட்டங்குலம் என்று முடிப்பதால் கால் தடுக்குகிறது. பேஸ்மட்டம் 32 அங்குலம் என்றால் ஐந்தால் வகுத்து, ஒவ்வொன்றும் ஆறரைக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் லாபமும் உண்டு, விழவும் மாட்டோம். தெருவில் சாலை உயர்ந்து முதல் படி பாதி புதைந்த வீடுகளிலும் இதே ஆபத்துதான்.

வேலைக்குச் சித்திரை, வைகாசி நல்ல மாதம், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன். வெயிலுக்குப் பயந்து விடியலிலேயே கான்கிரீட் போட்டு முடித்துவிட வேண்டும். மறுநாளிலிருந்து சாக்கும் வைக்கோலும் போட்டு, காயவே விடாமல், இப்போது கிடைக்கும் பிபிசி சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் நனைக்க வேண்டும். வாழைச்சருகு போடலாம், பச்சை மட்டை வேண்டாம், கறை இறங்கும்.

ஏற்கெனவே விலகிய படிகளை எல்லாம் உடைக்க வேண்டியதில்லை. விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, அகலத்தையும் தேதியையும் எழுதிவைத்து, ஒரு மழைக்காலம் பார்க்கலாம். கூடவில்லை என்றால் மண் இறங்கி முடிந்தது. சுத்தம் செய்து சீலன்ட் போட்டு, பக்கச் சுவரில் வடிகால் துளை போட்டால் போதும். படி வீட்டுப் பக்கம் சரிந்துவிட்டாலோ, தட்டினால் அடியில் காலியாகக் கேட்டாலோ, மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் நிற்காது, உடைப்பதுதான் வழி. உடைத்த கான்கிரீட் துண்டுகளை வண்டி வைத்து வெளியே அனுப்ப வேண்டாம். மண்ணையும் டைல்ஸையும் பிரித்துவிட்டு, கைப்பிடி அளவுக்கு உடைத்தால், புதுப் படிக்கு அடியில் ஜல்லியோடு சேர்த்துப் போட அதுவே நல்ல நிரப்பு.