எதிராளி என்னும் ஆசான்

பலகை விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது இருவர் தேவை. ஆடுபுலி ஆட்டம், சதுரங்கம் எனக் காய்களை வெட்டி ஆடும் ஆட்டம் எதை எடுத்துக்கொண்டாலும், எதிரே ஒருவர் அமர்ந்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். அண்ணன் வெளியே சென்றுவிட்டால், தாத்தா உறங்கிவிட்டால், பலகை மூலையில் கிடக்கும். 1980களில் வீடுகளுக்குள் நுழைந்த தனியாள் கணினி இந்தக் குறையைத் தீர்த்தது. உறங்காத, சலிக்காத, எந்நேரமும் ஆடக் காத்திருக்கும் எதிராளியாகக் கணினியே மாறியது.

அக்காலத்தில் கணினி விளையாட்டுகள் பல, கடைக்கு வராமலேயே வீடுகளைச் சென்றடைந்தன. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் நாப் ஆகிய இரு நிரலர்கள் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கிவைத்தனர். தாங்கள் எழுதிய மென்பொருளை யாரும் படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம் என்றனர். பயன்படுத்திப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் ஒரு சிறு தொகையை அனுப்பும்படி கேட்டுக்கொண்டனர். இவ்வாறு பரவிய மென்பொருள் ஷேர்வேர், அதாவது பகிர்மென்பொருள், எனப்பட்டது. முன்பின் அறியாதவரின் நேர்மையை நம்பி நடந்த வணிகம் அது. இந்த வழியில் பலகை விளையாட்டுகளும் நெகிழ்வட்டுகளில் ஏறிக் கைமாறின.

காய்களை வெட்டும் ஆட்டங்களுள் கணினி நிரலர்களின் மனத்தைத் தொடக்கத்திலேயே கவர்ந்தது, ஆங்கிலத்தில் செக்கர்ஸ் என அழைக்கப்படும் ஆட்டமாகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதன் உறவினனை 'டாம் ஹாஜி' என்பர். டாம் ஹாஜி பலகையின் ஒவ்வொரு வரிசையிலும் 12 கட்டங்கள் இருக்கும். ஆளுக்கு 30 காய்கள். செக்கர்ஸ் பலகையிலோ வரிசைக்கு 8 கட்டங்கள், ஆளுக்கு 12 காய்கள். காய்கள் கருங்கட்டங்களின் வழியே மூலைவிட்டமாக முன்னேறும். எதிராளியின் காய்க்கு அப்பால் கட்டம் காலியாக இருந்தால், அதைத் தாண்டிச் சென்று வெட்டலாம். கடைசி வரிசையை எட்டிய காய் அரசனாகி, பின்னோக்கியும் நகரும் உரிமையைப் பெறும்.

இந்த ஆட்டத்தின் உயிர் ஒரே ஒரு விதியில் அடங்கியுள்ளது. வெட்ட வாய்ப்பு இருந்தால் கட்டாயம் வெட்டியே ஆக வேண்டும். எளிமையாகத் தோன்றும் இவ்விதியே ஆட்டத்தின் ஆழத்திற்குக் காரணம். கைதேர்ந்த ஆட்டக்காரர் தம் காய் ஒன்றைத் தூண்டில் புழுவாக எதிராளியின் முன் நகர்த்துவார். எதிராளி வேறு வழியின்றி அதை வெட்டுவார். வெட்டிய காய் போய் நிற்கும் இடமோ முன்கூட்டியே விரிக்கப்பட்ட வலையாக இருக்கும். அடுத்த நகர்வில் இரண்டு மூன்று காய்கள் ஒரே பாய்ச்சலில் பறிபோகும். கிடைத்ததையெல்லாம் பறிப்பது வெற்றியாகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை.

கணினியை எதிராளியாகக் கொண்டவர்களுக்கு ஒரு புதிய சலுகையும் கிடைத்தது. அத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் எளிது, நடுத்தரம், கடினம் என எதிராளியின் வலிமையை ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம். தவறாக நகர்த்திய காயைப் பின்வாங்கிக்கொள்ளவும் முடியும். எளிய நிலையைத் தேர்ந்தெடுத்து நாள் முழுவதும் வெற்றி பெறுவோரும் உண்டு. அவ்வெற்றிகளுக்குப் பின் அவர்களின் ஆட்டத்திறன் எவ்வளவு வளர்ந்திருக்கும்? தொடங்கிய இடத்திலேயே அது நின்றிருக்கும்.

எதிராளியைத் தேர்ந்தெடுப்பதில் உலகச் செக்கர்ஸ் வெற்றியாளர் மேரியன் டின்ஸ்லி காட்டிய வழி வேறு. கணிதப் பேராசிரியரான டின்ஸ்லி 1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். 1955ஆம் ஆண்டு உலகப் பட்டத்தை வென்றார். பின்னர்ச் சில காலம் போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருந்து, 1975ஆம் ஆண்டு மீண்டும் அப்பட்டத்தை ஏற்றார். 1950ஆம் ஆண்டிற்குப் பின் அவர் தோற்ற ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடன் மோதியவர்கள் பெரும்பாலும் வெல்ல முயலவே இல்லை. தோற்காமல் தப்பினால் போதும் என்று சமநிலையையே நாடினர். உச்சியில் நின்றவருக்கு அதுவே தனிமையாகிவிட்டது.

1989ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் என்னும் கணினியியலாளரும் அவருடைய குழுவினரும் 'சினூக்' என்னும் செக்கர்ஸ் நிரலை எழுதத் தொடங்கினர். அடுத்த ஆண்டே, அமெரிக்கத் தேசியப் போட்டியில் டின்ஸ்லிக்கு அடுத்த இடத்தை அது பிடித்தது. உலகப் பட்டத்திற்காக அவருடன் மோதும் தகுதி அதற்குக் கிடைத்தது. ஓர் இயந்திரத்தை உலகப் பட்டத்திற்கு ஆடவிடச் செக்கர்ஸ் சங்கங்கள் மறுத்தன. டின்ஸ்லி நினைத்திருந்தால் அந்த மறுப்பின் பின்னால் ஒதுங்கி, பட்டத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ பட்டத்தையே துறந்துவிட்டுச் சினூக்குடன் ஆட முன்வந்தார். அதன் பின்னரே மனிதனும் இயந்திரமும் மோதுவதற்கென்று தனி உலகப் பட்டம் ஒன்று உருவாக்கப்பட்டது.

தோற்றுவிடுவோம் என்ற அச்சம் சினூக்கிற்கு இல்லை. டின்ஸ்லியின் பெயரைக் கேட்டு அது பதுங்கவும் இல்லை, துணிந்து ஆடியது. நெடுநாளாகத் தேடிய எதிராளி கிடைத்த மகிழ்ச்சி, அறுபது வயதைக் கடந்திருந்த டின்ஸ்லிக்கு இளமையின் உற்சாகத்தைத் திரும்பத் தந்தது. 1992ஆம் ஆண்டு இலண்டனில் இருவரும் மோதினர். 33 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. சினூக் 2 ஆட்டங்களில் வென்றது. டின்ஸ்லி 4 ஆட்டங்களில் வென்று பட்டத்தைக் கைப்பற்றினார். நொடிக்கு ஆயிரக்கணக்கான நகர்வுகளை ஆராயும் இயந்திரத்தை, பல்லாண்டுப் பயிற்சியும் நினைவாற்றலும் வென்றன.

1994ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். முதல் 6 ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. அதற்கு மேல் ஆட டின்ஸ்லியின் உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. அவர் விலகிக்கொள்ள, பட்டம் சினூக்கிற்குச் சென்றது. அவரைப் புற்றுநோய் பற்றியிருந்தது பின்னர்த் தெரியவந்தது. 1995ஆம் ஆண்டு அவர் காலமானார். முழுத் தொடர் ஒன்றில் டின்ஸ்லியை வென்ற பெருமை சினூக்கிற்குக் கடைசி வரை கிட்டவில்லை. அவர் நலமாக இருந்திருந்தால் வென்றிருப்பாரா என்ற கேள்விக்கு விடை சொல்ல, எதிரே அமர வேண்டியவர் இல்லாமற்போனார்.

மிஞ்சியிருந்த வழி ஒன்றே. எவருடன் ஆடினாலும் தோற்காத ஆட்டம் எது என்பதைக் கணக்கிட்டே நிறுவ வேண்டும். செக்கர்ஸ் பலகையில் அமையக்கூடிய காய்நிலைகளின் எண்ணிக்கையை எழுத வேண்டுமானால், 5 என்ற எண்ணுக்குப் பின் 20 சுழியங்களை இட வேண்டும். ஷேஃபரின் குழுவினர் மனந்தளராமல் பல கணினிகளைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். 2007ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் செக்கர்ஸ் ஆட்டம் சமநிலையில்தான் முடியும். டின்ஸ்லியும் சினூக்கும் ஆடிய ஆட்டங்களுள் பெரும்பாலானவை சமநிலையில் முடிந்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பிழையற்ற ஆட்டத்திற்கு அவ்விருவரும் எவ்வளவு நெருங்கியிருந்தனர் என்பது அப்போது விளங்கும்.

டின்ஸ்லி இல்லையென்றால் சினூக் இவ்வளவு கூர்மை பெற்றிருக்காது. அவரை வெல்ல வேண்டும் என்ற வேட்கையே அந்நிரலை ஆண்டுதோறும் மெருகேற்றியது. சினூக் இல்லையென்றால், முதுமையின் வாசலில் நின்ற டின்ஸ்லிக்குத் தம் முழுத் திறனையும் வெளிப்படுத்தும் வாய்ப்பு மீண்டும் அமைந்திருக்காது. ஒருவரை ஒருவர் வீழ்த்த முனைந்த இருவரும் ஒருவரை ஒருவர் உயர்த்தினர்.

விளையாட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று இது. சொற்போர் மேடையில் வலுவான வாதத்தோடு எதிரணியில் நிற்பவரும், திடலில் ஓரடி முன்னே ஓடுபவரும், வகுப்பில் நம்மைவிட ஒரு மதிப்பெண் கூடுதலாகப் பெறுபவரும் நம்மைச் சோம்பியிருக்க விடாத நண்பர்களே. அவர்களிடம் பொறாமை கொள்வதால் அவர்களின் திறன் குறையப்போவதில்லை. நமது திறனும் வளரப்போவதில்லை. அவர்களோடு நேர்மையாக மோதிப் பெறும் தோல்வியில்கூட, எளிய எதிராளியிடம் பெறும் நூறு வெற்றிகளில் கிடைக்காத பாடம் ஒன்று இருக்கும். அடுத்த முறை கணினித் திரை நிலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது, கடினம் என்பதைத் தொட விரல் தயங்கலாம். அந்தத் தயக்கத்தைக் கடப்பதுதான் முதல் வெற்றி.